கையைக் கடிக்காத மும்பை

நாட்டின் நட்ட நடுவில் குடியேறியவர்கள் நாம். நாக்பூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் ஓர் இரவுப் பயணம். ரயில் கணக்கில் மும்பை 837 கிலோமீட்டர். சென்னை ஆயிரத்துக்கும் மேல். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பிறந்து, அலைச்சத்தம் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, கடலைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருக்கும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் மும்பைக்கே போகாத குடும்பம் நம்மில் குறைவு. விசா நேர்காணல், கப்பல் கம்பெனி வேலை, செம்பூரில் கல்யாணம், வளைகுடாவிலிருந்து வரும் மகனை அழைத்துவரப் போவது என்று ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் போன காரியம் முடிந்ததும் அன்று இரவே வண்டி ஏறிவிடுகிறோம். கேட்டால், "அது பணக்காரங்க ஊர் சார், நமக்குக் கட்டுப்படியாகாது" என்பார்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருந்தார், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பரேலில் ஒரு பெரிய மருத்துவமனையில் சோதனைகளுக்காகப் பதினோரு நாள் தங்கிவிட்டு வந்தார். "கடலைப் பார்த்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "இல்லை தம்பி. வெளியே போனா செலவுன்னு மகன் சொன்னான். ராத்திரி ஜன்னல் வழியா உப்புக்காத்து மட்டும் வந்துச்சு" என்றார். அவர் படுத்திருந்த இடத்திலிருந்து ஒர்லிக் கடற்கரை நாலு கிலோமீட்டருக்கு மேல் இராது. பஸ்ஸில் போக ஆளுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய். அவர் அதன் பிறகு மும்பைக்குப் போகவே இல்லை. போகும் நிலையிலும் இல்லை.

அதிலிருந்து, யார் மும்பைக்குப் புறப்பட்டாலும் ஒரு தாளில் சில விவரங்களை எழுதிக் கையில் கொடுப்பது என் வழக்கமாகிவிட்டது. அந்தத் தாளையே விரித்து எழுதித் தரும்படி நம் செயலாளர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை. எழுதுகிறவன் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் சேர்ந்து, இகத்புரியிலும் கல்யாணிலும் மும்பை லோக்கல் பாதையிலும் வேலை பார்த்து, நாக்பூரில் ஓய்வு பெற்றவன். ஆகவே மும்பையை நான் தண்டவாளத்தின் பக்கமிருந்துதான் பார்ப்பேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

மும்பையில் உண்மையிலேயே விலை அதிகமானவை இரண்டு. ஒன்று படுக்கும் இடம். மற்றொன்று தப்பான நேரத்தில் செய்யும் பயணம். தப்பான நேரத்தில் கிளம்புகிறவர் கூட்டத்துக்குப் பயந்து டாக்சி பிடிப்பார், டாக்சி போக்குவரத்து நெரிசலில் நிற்கும், மீட்டர் ஓடும். இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால், அந்த ஊரில் பார்க்கத்தக்கவை பெரும்பாலும் இலவசம், அல்லது ஒரு காப்பி விலை.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். மும்பை ஒரு விரலைப் போலத் தெற்கு நோக்கிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர். பழைய அலுவலகங்கள் விரல் நுனியில், வீடுகள் வடக்கே. ஆகவே காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை கூட்டம் தெற்கே இறங்கும். மாலை ஐந்து முதல் ஒன்பது வரை வடக்கே ஏறும். பாந்த்ரா-குர்லா வளாகம், அந்தேரி முதலிய இடங்களிலும் அலுவலகங்கள் வந்துவிட்டபடியால் எதிர்த்திசை வண்டிகளும் முன்போல் காலியாக வருவதில்லை. ஆனாலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கூட்டம் போகும் திசைக்கு எதிராகப் போவது, முடியாவிட்டால் பதினொன்றிலிருந்து நாலு மணிக்குள் போய்வருவது, இதுதான் விதி. பகல் ஒரு மணிக்கு அதே லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கலாம்.

நாக்பூரிலிருந்து இரவில் கிளம்பும் வண்டிகள் பெரும்பாலும் அந்தக் காலைக் கூட்ட நேரத்தை ஒட்டித்தான் போய்ச் சேருகின்றன. பெட்டி படுக்கையோடு இறங்கியவுடன் லோக்கலில் ஏற முயலாதீர்கள். காத்திருப்பு அறையில் குளித்து, உடை மாற்றி, சாமான்களைக் கிளோக் ரூமில் பூட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வெளியே வாருங்கள். இதற்கு வசதி சி.எஸ்.எம்.டி.தான். நம் மக்கள் இன்னமும் வி.டி. என்று சொல்லும் நிலையம் அது. 1996-ல் பெயர் மாறி சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆயிற்று. 2017-ல் அதோடு மகாராஜ் சேர்ந்தது. குர்லாவில் உள்ள எல்.டி.டி.யில் இறங்கினால் வெளியே டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மீட்டர் போடாதவரோடு பேச்சுக் கொடுக்க வேண்டாம். ஹார்பர் பாதையின் திலக் நகர் நிலையம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

இனி லோக்கல் வண்டியை வாசிக்கும் விதம். பிளாட்பாரத்தில் தொங்கும் இண்டிகேட்டரில் போகுமிடம், எஸ் அல்லது எஃப், பெட்டிகளின் எண்ணிக்கை மூன்றும் இருக்கும். எஸ் என்றால் எல்லா நிலையத்திலும் நிற்கும். எஃப் என்றால் பல நிலையங்களைத் தாண்டிப் போகும். போகுமிடம் சில சமயம் வெறும் எழுத்தாக இருக்கும். கே என்றால் கல்யாண், டி என்றால் தாணே. கசாராவுக்கு என், கர்ஜத்துக்கு எஸ் என்பது புதிதாக வருகிறவர்களைக் குழப்பும். கல்யாணுக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிந்து ஒன்று வடகிழக்கேயும் ஒன்று தென்கிழக்கேயும் போவதால் அந்த எழுத்துகள். முதல் வகுப்புப் பெட்டி வெளிப்பார்வைக்கு இரண்டாம் வகுப்பைப் போலவே இருக்கும். தெரியாமல் ஏறி அபராதம் கட்டிய நம்மவர்கள் நிறையப் பேர். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள்.

இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடியது. மூன்று என்ஜின், 14 பெட்டி, சுமார் 400 விருந்தினர். அதே பாதையில் இன்று இருபது ரூபாய்க்குள் போகிறார்கள். நாள் முழுவதும் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாளுக்கான டூரிஸ்ட் டிக்கெட் உண்டு. கவுண்ட்டரில் கேட்டால்தான் கொடுப்பார்கள்; அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

தாதர் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் சந்திக்கும் இடம் அது. முன்பு இரண்டுக்கும் தனித்தனியே ஒன்றாம் நம்பர் பிளாட்பாரம் இருந்தது. 2023 டிசம்பரில் அதைச் சீர்செய்து, மேற்குப் பக்கம் 1 முதல் 7 வரை, மத்தியப் பக்கம் 8 முதல் 14 வரை என்று வைத்துவிட்டார்கள். மும்பையில் நாற்பது வருடமாக இருக்கும் சித்தப்பா பழைய நம்பரைத்தான் சொல்லுவார். அவரை மறுத்துப் பேச வேண்டாம். போர்டைப் பார்த்துப் போங்கள்.

அடுத்த விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். லோக்கல் ஒரு நிலையத்தில் நிற்பது இருபது முப்பது விநாடி. நகரத் தொடங்கிவிட்ட வண்டியில் ஏறக்கூடாது. வாசலில் நிற்கக்கூடாது. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கக்கூடாது. மேம்பாலப் படி எவ்வளவு உயரமானாலும் ஏறித்தான் போக வேண்டும். மும்பைக்காரர்கள் செய்கிறார்களே என்று நாம் செய்யலாகாது. அவர்களிலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து உயிர் போனது நினைவிருக்கலாம். தண்டவாளத்தின் மேல் என் பணிக்காலத்தில் நான் பார்த்தவற்றை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. கூட்டமாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். நாலைந்து நிமிடத்தில் அடுத்தது வரும்.

குடும்பத்தோடு போகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பாதிப் பேர் ஏறி, பாதிப் பேர் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது? பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் அசையாமல் அடுத்த வண்டிக்கு நிற்க வேண்டும். ஏறிவிட்டவர்கள் அடுத்து நிற்கும் நிலையத்தில் இறங்கி, இண்டிகேட்டருக்குக் கீழே காத்திருக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை சொல்லி வையுங்கள். பெண்கள் பெட்டியில் அம்மாவும் பொதுப் பெட்டியில் அப்பாவும் ஏறுவதானால், எத்தனையாவது நிலையத்தில் இறங்குவது என்பதை எண்ணிச் சொல்லிக்கொண்டு ஏறுங்கள். இன்னொன்று: மாலையில் அந்தேரியில் இறங்க வேண்டியவர் விரார் ஃபாஸ்ட்டில் ஏறக்கூடாது. விரார்க்காரர்கள் நல்லவர்கள்தான்; ஆனால் நடுவே ஒருவர் இறங்குவதற்கு அந்தக் கூட்டத்தில் வழி இராது.

கூட்டத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு இப்போது ஒரு புது வசதி வந்திருக்கிறது. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர், ஏறத்தாழ முழுக்கப் பூமிக்கு அடியில் ஓடும் மெட்ரோ மூன்றாம் பாதை. 2024 அக்டோபரில் ஒரு பகுதி திறந்து, 2025 அக்டோபரில் முழுதும் திறந்தார்கள். விமான நிலையம், சித்தி விநாயகர், மஹாலக்ஷ்மி, சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட் எல்லாம் அந்தப் பாதையில் இருக்கின்றன. பத்து ரூபாயிலிருந்து டிக்கெட். லோக்கலை விட விலை கூடுதல். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் தகும்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றலாம் என்று திட்டமிடுகிறவர்கள் மெகா பிளாக் என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்குப் பாதையில் அதையே ஜம்போ பிளாக் என்பார்கள். வாரம் முழுவதும் மூன்று நிமிடத்துக்கொரு வண்டி ஓடும் பாதையில் ரயில் மாற்றவும், ஜல்லி சலிக்கவும், மேல்கம்பி பழுது பார்க்கவும் ஞாயிறு பகலில் சில மணி நேரம் பாதையை வாங்கிக்கொள்வோம். அந்த நேரத்தில் ஃபாஸ்ட் வண்டி ஸ்லோ பாதையில் போகும். சில வண்டிகள் இராது. எந்தப் பகுதியில், எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே பத்திரிகைகளில் வெளியிடுகிறார்கள். பயணிகள் எங்களைத் திட்டுவது காதில் விழத்தான் செய்யும். அந்த நாலைந்து மணி நேர வேலையில்தான் மறுவாரம் முழுவதும் அவர்கள் ஆபத்தில்லாமல் போகிறார்கள் என்பதை இங்கேயாவது சொல்லிவைக்கிறேன்.

சரி, ஊர் பார்க்கப் புறப்படுவோம். முதல் காட்சிக்கு டாக்சியே வேண்டாம். நீங்கள் வந்து இறங்கிய கட்டடம்தான் அது. சி.எஸ்.எம்.டி.யைக் கட்டியவர் ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். 1878-ல் தொடங்கிப் பத்தாண்டு பிடித்தது. 2004-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தினமும் லட்சக்கணக்கானோர் இதற்குள்ளே தலைகுனிந்தபடி ஓடுகிறார்கள். நீங்கள் எதிர்ப்புற நடைபாதையில் நின்று தலை நிமிர்ந்து பாருங்கள். வாசல் தூண் ஒன்றில் சிங்கம், மற்றொன்றில் புலி. ஒன்று பிரிட்டன், மற்றொன்று இந்தியா. நடுக் கோபுரத்தின் கும்மட்டம் கல்லால் ஆனது. அதன் உச்சியில் ஒரு பெண் சிலை, முன்னேற்றத்தின் உருவம். சுவரிலும் தூண் தலையிலும் மயில், குரங்கு, இலை, கொடி என்று செதுக்கியிருப்பவற்றில் பல பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களின் கைவேலை. எதிரே இருக்கும் மாநகராட்சிக் கட்டடமும், சர்ச்கேட்டில் மேற்கு ரயில்வே தலைமையகமும் அதே ஸ்டீவன்ஸ் வடித்தவைதாம். மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

அங்கிருந்து கேட்வே இரண்டரை கிலோமீட்டர் அளவு. இங்கே ஒரு சின்னக் கணக்கு. பெஸ்ட் பஸ்ஸில் 2025 மே மாதத்திலிருந்து குறைந்த கட்டணம் பத்து ரூபாய், ஏ.சி. பஸ்ஸில் பன்னிரண்டு. நாலு பேர் ஏ.சி. பஸ்ஸில் போனால் 48. கறுப்பு-மஞ்சள் டாக்சியில் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 31, பிறகு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 21. ஆக 52 ரூபாய். நாலு பேருக்கு நாலு ரூபாய்தான் வித்தியாசம். ஆகவே சிறு தூரத்துக்குக் குடும்பமாகப் போகையில் டாக்சி ஆடம்பரமல்ல. தனியாள் பஸ்ஸில் போகட்டும். ஆட்டோ தேடி நிற்க வேண்டாம்; தென் மும்பையில் ஆட்டோ கிடையாது, பாந்த்ராவுக்கும் சயனுக்கும் வடக்கேதான். பிள்ளைகள் உடனிருந்தால் மட்டும் டாக்சியை விட்டுவிட்டு மின்சார டபுள் டெக்கர் பஸ் வரும்வரை காத்திருங்கள். பழைய டீசல் டபுள் டெக்கர் 2023 செப்டம்பரோடு நின்றுவிட்டது. புதியதில் மேல்தட்டு முன்சீட்டுக்கு இப்போதும் போட்டிதான்.

கேட்வே 1911-ல் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் வந்ததன் நினைவாக எழுந்தது. அவர் வந்தபோது அது கட்டப்படவே இல்லை. 1924-ல்தான் வேலை முடிந்தது. கடைசிப் பிரிட்டிஷ் படை 1948 பிப்ரவரி 28 அன்று இதே வாசல் வழியாகத்தான் கப்பலேறியது. வரவேற்கக் கட்டிய வாசல் வழியனுப்பப் பயன்பட்டது.

இங்கிருந்து எலிஃபெண்டாவுக்குப் படகு. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் இடங்களில் செலவு அதிகமானது இதுதான். படகில் போய்வர ஆளுக்கு முந்நூறு ரூபாய் அளவு ஆகும். ஆனால் பணம் தரத் தயங்காதீர்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல் பயணம், இறங்கினதும் நூற்றிருபது படி, அப்புறம் ஆறாம் நூற்றாண்டுக் குகைக் கோயில். உள்ளே இருட்டு பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பழகியதும் எதிர்ச்சுவரில் இருபது அடி உயரத்துக்கு மூன்று முகத்தோடு சதாசிவம் தெரியும். வழிகாட்டி நமக்குத் தேவையில்லை. கங்கையைச் சடையில் தாங்குவது, பாதி உமையாக நிற்பது, திருக்கல்யாணம், கயிலையை ராவணன் தூக்குவது, எல்லாம் பாட்டி சொன்ன கதைகள்தாம். கை கால் உடைந்த நிலையில் ஒரு நடராஜரும் இருக்கிறார். சிதம்பரத்தில் பார்த்த கண்ணுக்கு, காலே இல்லாமல் அவர் ஆடுவது எப்படித் தெரிகிறது என்று நான் வெகு நேரம் நின்று பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை குகை மூடியிருக்கும். மழைக்காலத்தில் படகை நம்பிப் போகக் கூடாது. படகில் லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் மாட்டிக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். 2024 டிசம்பர் 18 அன்று அந்தப் பாதையில் பயணிகள் படகு மீது கடற்படையின் வேகப்படகு மோதிப் பலர் இறந்தார்கள். தீவுக்குப் பெயர் தந்த கல் யானை இப்போது தீவில் இல்லை. பைக்குலாவில் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் நிற்கிறது.

கேட்வேயிலிருந்து மரைன் டிரைவ் இரண்டு கிலோமீட்டர்தான். இந்த இரண்டு கிலோமீட்டரில் ஓர் அதிசயம் உண்டு. கேட்வே கிழக்கே துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது. மரைன் டிரைவ் மேற்கே அரபிக்கடலைப் பார்க்கிறது. காலையில் அங்கே சூரியன் நீரிலிருந்து எழுவதையும், மாலையில் இங்கே நீருக்குள் இறங்குவதையும் ஒரே நாளில் பார்க்கலாம். சோழமண்டலக் கரையில் பிறந்தவர்களுக்குக் கடலில் சூரிய அஸ்தமனம் புதுக் காட்சி. மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் வளைந்து போகும் அந்தச் சுவரில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். எதிரே இருக்கும் பழைய வீடுகளின் விலையை யோசிக்காமல் கடலைப் பாருங்கள்.

சுவருக்கு அப்பால் நாலு கால் நீட்டிக் கிடக்கும் கான்கிரீட் கட்டிகள், டெட்ராபாட். ஒன்று இரண்டு டன் எடை. அலை ஒரே சுவரில் மோதினால் சுவர் பெயரும். இந்தக் கால்களின் இடுக்கில் புகுந்து சிதறினால் பலம் இழக்கும். நல்ல எளிய வேலை. அதன்மேல் இறங்கிப் புகைப்படம் எடுப்பதற்காக அதைப் போடவில்லை. வழுக்கி இடுக்கில் விழுந்தவரைத் தூக்கி எடுப்பது பெரும்பாடு.

நம் ஊர்க் கடலுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு ஏற்ற இறக்கம். சென்னையில் கடல்மட்டம் ஒரு மீட்டர் அளவுதான் ஏறி இறங்கும். நாம் கவனிப்பதே இல்லை. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலரை மீட்டருக்கு மேல்கூட ஏறும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் கல்பாதை ஏற்றத்தில் மூழ்கிவிடும். சௌபாத்தியிலும் ஜுஹுவிலும் இறக்கத்தில் விரிந்து கிடக்கும் மணல் இரண்டு மணி நேரத்தில் காணாமல் போகும். பிள்ளைகளைக் கால் நனைக்க விடுங்கள், குளிக்க விட வேண்டாம். அன்றைய ஏற்ற நேரம் மழைக்காலத்தில் நாளிதழ்களில் வரும். மற்ற நாளில் சுண்டல்காரரைக் கேட்டாலே சொல்லுவார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலா கோடாவில் ஜஹாங்கீர் கலைக்கூடம் இலவசம். காந்தியடிகள் 1917 முதல் 1934 வரை பம்பாயில் தங்கிவந்த மணி பவன் காம்தேவியில் இருக்கிறது. கட்டாயம் போக வேண்டிய வீடு. மஹாலக்ஷ்மி நிலையத்துப் பாலத்திலிருந்து பார்த்தால் கீழே தோபி காட். போரிவலிக் காட்டுக்குள் கன்ஹேரிக் குகைகள், முழுநாள் வேலை. திரை நட்சத்திரங்களின் வீட்டு வாசலில் நின்று திரும்புவதற்கு ஆகும் ஆட்டோ செலவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சாப்பாட்டுக்கு மும்பையில் யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஒரு வடா பாவ் இருபது ரூபாய். 1966-ல் தாதர் நிலையத்து வெளியே பிறந்த பண்டம் என்று சொல்வார்கள். அந்த ஊர் மில் தொழிலாளியின் சாப்பாடு அது. நின்றுகொண்டே தின்றுவிட்டு ஓடலாம். தோபி தலாவ் பக்கம் பழைய ஈரானிக் கடை ஒன்றில் பன்னும் வெண்ணெயும் டீயுமாக அரை மணி உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஆனால் இரண்டாம் நாள் நாக்கு சோறு கேட்கத் தொடங்கும். அப்போது மத்திய ரயில்வேயின் மாட்டுங்காவில் கிழக்கே இறங்குங்கள். நிலையத்தை ஒட்டி, மாடியில் ராமநாயக் உடுப்பி. 1942-லிருந்து வாழை இலையில் சாப்பாடு போடுகிறார்கள். வெளியே வந்தால் பூக்கடை, அப்பளக் கடை, காப்பிப்பொடி வாசனை. மல்லிகைப் பூவைத் தமிழில் பேரம் பேசி வாங்கலாம். என் மனைவி மும்பையில் ஒப்புக்கொண்ட ஒரே கடைவீதி அதுதான்.

கடைசியாகப் படுக்கை. ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்கு 1668-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விடப்பட்ட தீவு இது. இன்று அந்தப் பத்துப் பவுனுக்கு ஒரு சுமாரான அறைகூட ஓர் இரவுக்குக் கிடைக்காது. உறுதியான ரயில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அதன் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு நிலையத்து ஓய்வறையைப் பதிவு செய்யலாம். சுத்தமான அறை, குறைந்த வாடகை, ஆனால் முந்திக்கொள்ள வேண்டும். தனியாகப் போகும் பிள்ளைகளுக்கு மும்பை சென்ட்ரலில் 2021-லிருந்து பாட் ஓட்டல் இருக்கிறது; பெர்த்தில் படுத்துப் பழகியவர்களுக்கு அது போதும். மருத்துவத்துக்குப் போகிறவர்கள் முதல் நாளே மருத்துவமனையின் சமூக சேவைப் பிரிவைக் கேளுங்கள். தாதர், பரேல் பக்கம் நோயாளிகளின் குடும்பங்களுக்கான தர்மசாலைகள் உண்டு. உறவினர் வீடு என்றால் இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். ஒண்டுக் குடித்தனத்தில் நமக்காக யாரோ ஒருவர் சமையலறையில் படுக்கிறார்கள். ஆரஞ்சு பர்ஃபி ஒரு கிலோ கட்டாயம் எடுத்துப் போங்கள்.

திரும்பும் வண்டியை இரவில் வைத்துக்கொண்டால் அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டே நிலையத்துக்கு வந்து சாமானை எடுத்துக்கொள்ளலாம். இரவுக் குளிருக்கு ஒரு போர்வை கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். கசாராவில் வண்டி சற்று நேரம் நிற்கும்; பிறகு பின்னாலிருந்து லேசாக ஓர் இடி இடித்தாற்போல் இருக்கும். பயப்பட வேண்டாம். அங்கிருந்து இகத்புரி வரை 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். முன் என்ஜினால் தனியே இழுக்க முடியாதென்று பின்னால் பாங்கர் சேர்க்கிறார்கள். திரும்பிப் படுத்துத் தூங்கலாம்.